அரசனுடைய காசு, அடுத்தவர் கை

காசில் இருப்பது அரசன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. முகம், பெயர், பட்டம், பின்புறம் ஒரு தெய்வம் எல்லாமே அவன் ஆணைப்படி வெட்டிய அச்சிலிருந்து விழுந்தவை. அரசு விளம்பரம் என்றுகூடச் சொல்லலாம். இந்த விளம்பரத்தை வைத்துக்கொண்டே ஒரு பிரதேசத்தின் இருநூறு வருஷத்துக்கும் மேலான வரலாற்றை எழுதிவிட முடியுமா? எழுதியிருக்கிறார்கள்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பாக்டிரியாவிலும், பிறகு இந்துகுஷ் மலைக்குத் தெற்கே பஞ்சாப் வரையிலும் ஆண்ட கிரேக்க அரசர்களின் வரலாறு அப்படிப்பட்டது. சுமார் நாற்பது பேர். பழைய நூல்கள் பெயர் சொல்வது பத்துப் பேருக்கும் குறைவு. மீதிப்பேரில் அநேகமாக எல்லாருமே காசிலிருந்து பிறந்த ராஜாக்கள்தான்.

யார் பொறுக்கிய காசு இது? கிழக்கிந்தியக் கம்பெனியின் பீரங்கிப் படையிலிருந்து 1827இல் ஓடிப்போன ஜேம்ஸ் லூயிஸ், சார்லஸ் மேசன் என்று பெயரை மாற்றிக்கொண்டு காபூல் போய்ச் சேர்ந்தார். 1833இலிருந்து பெக்ராம் சமவெளியில் ஆயிரக்கணக்கில் காசு சேகரித்தார். ஊர்க்காரர்கள் அங்கே பொறுக்கிய செப்புக் காசுகள் அதுவரை கன்னார் பட்டறைக்கு உருக்கப் போய்க்கொண்டிருந்தன. மேசன் வாங்க ஆரம்பித்ததும் உலோகம் வரலாறாயிற்று. கம்பெனி செலவுக்குப் பணம் கொடுத்தது. பிறகு அவரையே காபூலிலிருந்து ரகசியச் செய்தி அனுப்பும் ஆளாக்கிக்கொண்டது. ஓடிப்போனவனுக்கு மன்னிப்பு, கம்பெனிக்குக் காசும் தகவலும். சேகரிப்பதை ஏதோ அப்பாவிப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

விளைவு சின்னதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருபுறம் கிரேக்கம், மறுபுறம் கரோஷ்டி என்று இரண்டு எழுத்தில் அமைந்த இந்தக் காசுகளைக் கொண்டுதான் கல்கத்தா நாணயச்சாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப் முதலானோர் கரோஷ்டியைப் படித்தார்கள். மெனாந்தரின் காசில் கிரேக்கத்தில் 'பசிலியோஸ்' என்றிருப்பதற்கு நேராகக் கரோஷ்டியில் 'மகரஜச'. இரண்டுமே ஆறாம் வேற்றுமை. அதாவது, 'அரசனுடையது'. ஆடு மேய்ப்பவன் மடியில் கிடந்தாலும் அது மெனாந்தருடையதுதான். உடைமையின் இலக்கணத்தை அதிகாரம் உலோகத்திலேயே அடித்துவிடுகிறது.

சேகரிப்பாளன் இந்த இலக்கணத்தை மாற்றுவதில்லை, தொடர்கிறான். அவனுக்கு வேண்டியது வரிசை. எந்த ராஜா கிடைக்கவில்லையோ அவனுக்கு விலை அதிகம். முகம் தெளிவாக இருந்தால் இன்னும் அதிகம். தேய்ந்த செப்புக்காசு மூட்டையோடு போகும். ஆனால் தேய்ந்தது எதனால்? கைமாறி, சந்தை சந்தையாகச் சுற்றியதால். உழைப்பவர்களின் தடம் எங்கே அழுத்தமாக இருக்கிறதோ அங்கே சந்தை மதிப்பு குறைகிறது.

வரலாற்றாசிரியர்கள் மட்டும் வேறு என்ன செய்தார்கள்? 1938இல் டார்ன் இந்த ராஜாக்களைக் கிரேக்க உலகத்தின் ஒரு கிளையாகப் படித்தார். 1957இல் அ.கி. நரைன், இல்லை, இவர்கள் இந்திய வரலாற்றைச் சேர்ந்தவர்கள் என்றார். ஒன்று ஏகாதிபத்திய காலத்துக் கதையாடல், மற்றது சுதந்திரத்துக்குப் பிந்தைய தேசியக் கதையாடல். ராஜா எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதில்தான் சண்டை. காசைச் செலவழித்தவன் இரண்டிலுமே ஓரத்தில்தான் நிற்கிறான்.

ஆனால் அவனைப் படிக்கக் காசிலேயே இடம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானின் ஐ கானும் நகரத்தில் பிரெஞ்சு அகழ்வாளர்கள் 1970இல் அகதோக்ளிஸ் வெளியிட்ட ஆறு வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தார்கள். வட்டமில்லை, சதுரம். ஒருபக்கம் பலராமன், மறுபக்கம் வாசுதேவன். கூடவே இந்திய முத்திரைக் காசுகள் ஏராளம். இதே அகதோக்ளிஸ்தான் வேறு காசுகளில் அலெக்சாண்டரையும் முந்தைய அரசர்களையும் பொறித்துத் தனக்கொரு வம்சாவளி கட்டிக்கொண்டவன். அப்படிப்பட்டவன் எதற்காக உள்ளூர் வடிவத்துக்கும் உள்ளூர்த் தெய்வத்துக்கும் இறங்கிவந்தான்? வெறும் கிரேக்கக் காசு அந்தச் சந்தையில் செல்லுபடியாகாது என்பதால்தான் என்று வாசிக்கலாம். வாங்க மறுக்கக்கூடிய ஜனங்கள் எதிரே இருந்திருக்கிறார்கள். ராஜாவின் விளம்பரத்துக்குள்ளேயே அவர்களுடைய நிபந்தனையும் பதிவாகியிருக்கிறது.

இந்த வாசிப்பு எப்படிச் சாத்தியமானது? எந்த இடம், கூட என்ன கிடந்தது என்பதெல்லாம் தெரிந்ததால். அந்த ஐ கானுமையே பின்னால் போர்க்காலத்தில் கொள்ளைக்காரர்கள் குழி குழியாகத் தோண்டிப்போட்டார்கள். பக்தியா மாகாணத்தின் மிர் ஜகாவில் 1990களின் தொடக்கத்தில் டன் கணக்கில் காசு வெளிவந்தது. இலங்கையில் பிறந்த நாணயவியலாளர் ஒஸ்மண்ட் போபெஆரச்சி 1994இல் பெஷாவர் கடைத்தெருவில் சாக்குச் சாக்காக அதைப் பார்த்திருக்கிறார். பிறகு அது உலகச் சந்தையில் சிதறிப்போனது. தோண்டியவனுக்குக் கிடைத்தது போர்க்காலத்துக் கூலி. வாங்கியவனுக்குக் கிடைத்தது வரிசையில் விடுபட்ட ராஜா.

தோண்டியவனைத் திட்டுவது சுலபம். பசித்தவன் தோண்டுவான். கேட்க வேண்டியது வாங்குகிறவனையும், அவன் வாங்கியதை வைத்துப் பட்டியல் போடுகிற அறிஞனையும்தான். 'எந்த ராஜா?' என்பது அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும்வரை, 'எங்கே, எந்தப் பானையில், வேறு எந்தக் காசுகளோடு?' என்பதற்குப் பதில் சொல்லக்கூடிய மண் அழிந்துகொண்டே இருக்கும். மெனாந்தரின் முகம் ஏற்கெனவே எத்தனையோ அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காசை அவனிடமிருந்து வாங்கியவர்களைப் பற்றிய ஒரே சாட்சி, அது புதைந்து கிடந்த இடம்.