கதர் நகரில் ஆஸ்திகமும் நாஸ்திகமும்

திருப்பூரைப் பனியன் நகரமாக மட்டுமே அறிந்துள்ள இன்றைய தலைமுறையினர், அவ்வூர் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கதர் இயக்கத்தின் ராஜதானியாக விளங்கியதையும், 1925ல் ஸ்தாபிதமான அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை அங்கிருந்தே தன் காரியங்களை நடத்தியதையும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தெய்வத்தைப் பற்றி நேர்மாறான முடிவுகளுக்கு வந்த இருபெரும் மனிதர்களை அந்தக் கதர்த் துணி சில ஆண்டுகள் ஒரே அணியில் நிறுத்தி வைத்திருந்தது.

காந்தியடிகளுக்கு ராட்டையில் நூற்பது யக்ஞம். ஏழையின் பசி தீர்க்கும் வழிபாடு. அதே கதரை மூட்டையாகத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்ற ஈரோட்டு ஈ.வெ.ராமசாமியோ ஆசாரமிக்க வைஷ்ணவக் குடும்பத்திற் பிறந்தவர். ஈரோட்டு தேவஸ்தானக் கமிட்டியின் தலைவராக இருந்து கோயில் நிர்வாகத்தைச் சீராக நடத்தியவர். பிற்காலத்து நாஸ்திகத்தை அவருடைய ஆயுள் முழுவதற்கும் ஏற்றிவிடுவது சரித்திரத்திற்கு ஒவ்வாத காரியம்.

1922ல் திருப்பூரில் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாகாண மாநாட்டில், சாதியின் பெயரால் விலக்கப்பட்டோருக்கும் ஆலயப் பிரவேச உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஈ.வெ.ரா. முன்வைத்தார். தேசத்தின் விடுதலைக்காகத் திரண்டிருந்த அச்சபையிலேயே வைதிகர்களின் எதிர்ப்பு மூண்டு, தீர்மானம் தோல்வியுற்றது. மனம் கொதித்த அவர், மனுதர்மத்தையும் ராமாயணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அங்கேயே முழங்கினார். ஆலயக் கதவைத் திறக்கச் சொன்ன ஒருவரை ஆலயத்தையே வேண்டாம் என்று சொல்லும்படி செய்த பொறுப்பில், கதவை அடைத்து நின்றவர்களுக்குப் பெரும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

1925ல் காங்கிரஸை விட்டு விலகிய பின், 1927ல் பெங்களூரில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். ஹிந்து மதத்தை உள்ளிருந்தே சுத்திகரிக்கலாம் என்றார் ஒருவர். அது ஒழிந்தாலன்றித் தீண்டாமை ஒழியாது என்றார் மற்றவர். ஒருவர் நிலையை மற்றவர் ஏற்கவில்லை. ஆனால் தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் பேதமில்லை. 1934ல் பீஹார் பூகம்பத்தையே அப்பாவத்திற்கு ஈசன் அளித்த தண்டனை என்று காந்தியடிகள் கூறி, ரவீந்திரநாத் தாகூரின் கண்டனத்திற்கு ஆளானார்.

இதற்கிடையே, முருகன் கோயில் கொண்ட சென்னிமலையில் நெசவாளர் குடியிற் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10ஆம் தேதி திருப்பூர் வீதியில் கொடியைக் கைவிடாமல் தடியடிபட்டு, மறுநாள் உயிர் நீத்தார். முப்பதுகளின் நடுவில் அதே ஊரில்தான் அண்ணாதுரை ஈ.வெ.ரா.வை முதன்முதலாகச் சந்தித்தார். ஆயினும் குருவின் நாஸ்திகத்தை முழுவதும் ஏற்காமல், தேவன் ஒருவனே என்னும் திருமூலர் நெறியைப் பின்னாளில் தம் கொள்கையாக்கிக்கொண்டார்.

ஆலயப் பிரவேசத்தை நிறைவேற்ற முன்வந்தவர்களுள் பழுத்த ஆஸ்திகர்களும் இருந்தார்கள். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை வைத்தியநாதய்யர் ஹரிஜன அன்பர்களை மீனாக்ஷி அம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றார். திருப்பூரில் தோற்ற தீர்மானத்தின் சாரம், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1947ல் சென்னை மாகாணத்தின் சட்டமாயிற்று.