கெண்டை மீன்களின் மறுவகைப்பாடு

தமிழ்நாட்டு ஏரிகளிலும் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் சிறு கெண்டைகள் பலவும் நெடுங்காலம் பன்ட்டியஸ் என்ற ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. 2012-இல் இலங்கை ஆய்வாளர்கள் ரோகன் பெத்தியகொட, மாதவ மீகஸ்கும்புர, கலன மதுவகே ஆகிய மூவரும் தெற்காசியாவின் பன்ட்டியஸ் மீன்களை ஐந்து பேரினங்களாகப் பிரித்தார்கள். மீசை, முதுகுத்துடுப்பின் முள், பக்கக்கோடு, கண்ணுக்குக் கீழுள்ள எலும்பு, உடலில் உள்ள கறை ஆகிய உடலமைப்புப் பண்புகள் இந்தப் பிரிப்புக்கு அடிப்படை. மரபணு ஒப்பீடும் அதில் சேர்ந்தது.

ஊரப்பாக்கத்திலிருந்து மதுராந்தகம் வரை ஏரிகளால் நிறைந்த செங்கல்பட்டு வட்டாரத்தில் ‘கெண்டை’ என்றால் விரல் நீளப் பொடிமீனும் உண்டு, சந்தையில் கிலோக்கணக்கில் வெட்டி விற்கும் கட்லாவும் உண்டு. பேச்சு வழக்குக்கு அது போதும். வகைப்பாட்டியலிலும் ஏறத்தாழ அதே நிலைதான் 150 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்பதுதான் வியப்பு.

மீசையை எண்ணிய காலம்

பன்ட்டியஸ் என்ற பெயரைத் தந்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன். கங்கை மீன்கள் பற்றிய அவரது நூல் 1822-இல் வெளிவந்தது. தென்னிந்திய நன்னீர் மீன்களைச் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த மருத்துவர் டி. சி. ஜெர்டன் 1849-இல் பட்டியலிட்டார். அவருக்குப் பின் வந்த, சென்னை மருத்துவப் பணியையே சேர்ந்த ஃபிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் இவை அனைத்தையும் பார்பஸ் என்ற பெரிய பேரினத்துக்குள் கொண்டுபோனார். உள்ளே பிரிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் எளிமையானது: வாயோரத்து மீசை. நான்கு மீசை இருந்தால் ஒரு கூட்டம், இரண்டு இருந்தால் இன்னொன்று, மீசையே இல்லாவிட்டால் மூன்றாவது. அந்த மூன்றாவது கூட்டத்துக்குத்தான் அவர் பன்ட்டியஸ் என்ற பெயரை விட்டுவைத்தார்.

மீசை எண்ணுவது கரையில் நின்றே செய்யக்கூடிய வேலை. அதனாலேயே அது நிலைத்தது. ஆனால் உறவு அறிய அது மோசமான சாட்சி. பரிணாமத்தில் மீசை தனித்தனி வழிகளில் பல முறை சுருங்கவும் மறையவும் கூடும். எங்கும் பரவலாகக் கிடைக்கும் மூன்று சிற்றினங்களைப் பாருங்கள். சோஃபோரே, டிக்டோ இரண்டுக்கும் மீசை இல்லை. ஆகவே டேயிடம் அவை ஒரே கூட்டம். சோலாவுக்கு ஓர் இணை மீசை உண்டு. அது வேறு கூட்டம். இப்போது மீசையை மறந்துவிட்டு முதுகுத்துடுப்பின் முன்புறம் உள்ள கிளையற்ற கடைசி முள்ளின் பின்விளிம்பை விரல்நகத்தால் வருடினால் கதை மாறுகிறது. சோஃபோரேவுக்கும் சோலாவுக்கும் அது வழவழப்பு. டிக்டோவுக்கு ரம்பப் பல். 2012 வகைப்பாட்டில் முதல் இரண்டும் பன்ட்டியஸில் சேர்ந்து நிற்க, டிக்டோ பெத்தியா என்ற புதிய பேரினத்துக்குப் போனது. சுவையான செய்தி, முள் ரம்பமா இல்லையா என்பதை டே ஒவ்வொரு மீனுக்கும் குறித்தே வைத்திருந்தார். சான்று அவர் கையிலேயே இருந்தது. அதற்கு இரண்டாம் இடம் கொடுத்ததுதான் பிசகு.

ஐந்து பேரினங்கள்

ஒற்றைப் பண்பை நம்பாமல் பண்புகளின் சேர்க்கையைப் பார்ப்பதே புதிய முறை. பெத்தியாவுக்கு ரம்ப முள்ளோடு, வால் அடியில் ஒரு கருங்கறையும், கண்ணுக்குக் கீழே செவுள் மூடியின் முன்எலும்பை ஓரளவு மறைக்கும் அகன்ற எலும்பும் சேர்ந்து வர வேண்டும். இதன் பெயர், சிறு கெண்டைகளைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. சிஸ்டோமஸ் பழைய பெயர், மீட்டெடுக்கப்பட்டது: இரண்டு இணை மீசையும் ரம்ப முள்ளும் கொண்டது. ஓர் அடிக்கு மேல் வளரக்கூடிய சரானா கெண்டை இதில்தான் வருகிறது. டாக்கின்சியாவுக்கு மூக்கோர மீசை கிடையாது, முள் வழவழப்பு. வளர்ந்த ஆண்மீன்களின் முதுகுத்துடுப்புக் கதிர்கள் இழை இழையாக நீளும். காவிரியின் அருலியஸும் தாமிரபரணியின் பெயரைத் தாங்கிய தம்பிரபர்னியும் இந்தப் பேரினத்தவை. பெயர் பரிணாமவியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸை நினைவுகூர்கிறது.

பன்ட்டியஸையும் சேர்த்தால் ஐந்தாவதாக வரும் பேரினத்துக்கு வைத்த பெயர் திராவிடியா. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் பட்டை போட்ட கெண்டைகளுக்கு அது பொருத்தமான பெயர்தான். ஆனால் ஏற்கெனவே ஓர் ஈப் பேரினத்துக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. விலங்குப் பெயரிடல் விதிப்படி மீனோ ஈயோ, முந்தியவருக்கே பெயர். எனவே 2013-இல் பெத்தியகொட அதை ஹலுதாரியா என்று மாற்றினார். ஹலுதார் என்பவர் ஹாமில்டனின் மீன்களைப் படம் வரைந்த வங்காள இளைஞர். இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ஓவியருக்குக் கிடைத்த இந்த மரியாதை, முதல் பெயரைவிட நல்லது என்றே தோன்றுகிறது.

பிரிப்பு அத்தோடு நிற்கவில்லை. அலங்கார மீன் வணிகத்தில் ‘மிஸ் கேரளா’ எனப் புகழ்பெற்ற, கேரள ஆறுகளின் டெனிசன் கெண்டை 2013-இல் தன் உறவான சாலக்குடியென்சிஸுடன் சஹ்யாத்ரியா என்ற பேரினமானது. 2020-இல் வைகோமியா என்ற பேரினம் பிரிந்தது. 2023-இல் ஹிரண்ய சுதசிங்க, லூகாஸ் ரூபர், மீகஸ்கும்புர ஆகியோரின் மூலக்கூறு ஆய்வு, இலங்கையின் செர்ரி கெண்டையை ரோகனெல்லா என்றும், நம் வயல்நீரில் புரளும் மிகச் சிறிய விட்டாட்டாவை பாவா என்றும் தனிப் பேரினங்களாக்கியது. 2012-இல் வரைந்த பெரிய கோடுகளை இந்த ஆய்வு பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது; எஞ்சி நின்ற சில மீன்களைத்தான் வெளியேற்றியது.

ஆப்பிரிக்காவில் இதே வழக்கு

ஆப்பிரிக்க நன்னீர்க் கெண்டைகளும் பார்பஸ் என்ற பெயரிலேயே குவிந்து கிடந்தன. அங்கே குரோமோசோம் எண்ணிக்கை பெரிய துப்பு: அசல் ஐரோப்பியப் பார்பஸுக்குச் சுமார் 100, ஆப்பிரிக்காவின் பெருங்கெண்டைகளுக்குச் சுமார் 150, சிறு கெண்டைகளுக்குச் சுமார் 50. பெரியவை லேபியோபார்பஸ் ஆயின. 200-க்கு மேற்பட்ட சிறியவற்றை 2015-இல் ஓர் ஆய்வுக்குழு என்டெரோமியஸ் என்ற பழைய பெயருக்குள் சேர்த்தது. உறுதியான வம்சாவளி தெரியாமல் இவ்வளவு பெயர்களை மாற்றக் கூடாது என்று அதே ஆண்டில் எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் என்டெரோமியஸ் இன்று பரவலான வழக்கில் உள்ளது. நம் பன்ட்டியஸும் அந்த ஆப்பிரிக்கச் சிறு கெண்டைகளும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

பெயர் மாற்றம் ஏட்டில் முடிந்தாலும் புழக்கத்தில் மெல்லத்தான் வருகிறது. சென்னை கொளத்தூரின் அலங்கார மீன் கடைகளில் பெத்தியா நைக்ரோஃபேசியாட்டா ‘பிளாக் ரூபி பார்ப்’ ஆகவே விற்கப்படுகிறது. பழைய நூல்களை ஒப்பிடுவோர் ஒரே மீனைப் பல பெயர்களில் தேட வேண்டும்: டேயின் பார்பஸ் ஸ்டிக்மா இன்றைய பன்ட்டியஸ் சோஃபோரே, அவரது பார்பஸ் டிக்டோ இடையில் பன்ட்டியஸ் டிக்டோவாகி, இப்போது பெத்தியா டிக்டோ.