விளையாட்டுப் பொறியும் கணிதப் பொறியும்

ஆய்வுகூடத்திற் கருவியில்லை என்று வருந்துவார் மெக்கானோவின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் தகும்.

லிவர்ப்பூல் நகரத்துப் பிராங்கு ஹோர்ன்பி, தம் மைந்தர் விளையாடுதற்கென உலோகத் தகடுகளை வெட்டித் துளையிட்டு அமைத்த இக்கருவி 1901இற் காப்புரிமை பெற்றது. 1907இல் மெக்கானோ என்னும் பெயர் பூண்டது. துளைகள் யாவும் அரை அங்குல இடைவெளியின. அவ்வொழுங்கே அதன் உயிர். பாரந்தூக்கியிற் பூட்டிய தகட்டைக் கழற்றிப் பாலத்திற் பூட்டலாம். உடன்வந்த கைந்நூல் காட்டும் உருவங்களோடு அமையாது, தாமே புதியன இயற்றுதலிலேயே இப்பொழுதுபோக்கினர் பெருமகிழ்ச்சி கண்டனர்.

இது சிறார் விளையாட்டுத்தானே எனின், அன்று. அமெரிக்காவில் வன்னிவர் புஷ் என்பார் வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெரும்பொறியொன்றை அமைத்திருந்தார். அதன் படங்களைக் கண்ட மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்றீக்கு அது மெக்கானோவாற் செய்ததுபோலத் தோன்றிற்று. தோன்றியதோடு நில்லாது, 1934இல் அவரும் அவர்தம் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புக்களைக் கொண்டே அத்தகையதொரு பொறியைக் கட்டினர். செலவு ஏறத்தாழ 20 பவுண். கடையிற் கிடையாத சில உறுப்புக்களை மட்டும் தனியே செய்து சேர்த்தனர். சுழலுந் தட்டின்மீது உருளும் சிறு சக்கரமே தொகையீட்டைச் செய்தது. பிழை நூற்றுக்கு இரண்டளவினதே. அணுவின் அமைப்பைக் கணிக்க அது போதியதாயிற்று. உறுப்பின் விலையை எண்ணிப் பிள்ளையைக் கடிந்த தந்தையர் இதனை அறிந்திலர் போலும்!

அடுத்த ஆண்டிற் கேம்பிரிட்ஜிலும் இவ்வாறே ஒன்று எழுந்தது. அது பின்னர் நியூசிலாந்து சென்று, இன்று ஒக்லாந்து நகரத்து அருங்காட்சியகமொன்றில் இருக்கின்றது.