தூக்கியும் பாரந்தூக்கியும்: செம்பனை ஆலைப் பரிபாஷையின் வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், 1276 மீட்டர் உயர்ந்து நிற்கும் லேடாங் மலையின் அருகே, முன்னர் மூவார் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்து பின்னர்த் தனி மாவட்டமாகப் பிரிந்த தங்காக்கை, வெளியூரார் பெரும்பாலும் துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற ஊராகவே அறிவர். ஆயினும் அவ்வூரைச் சூழ்ந்த பிரதேசத்தின் ஜீவாதாரமாக நெடுங்காலம் விளங்கியவை ரப்பரும் செம்பனையுமே. பால் வெட்டவும் குலை அறுக்கவும் தமிழர் குடியேறிய இத்தகைய தோட்டப்புறங்களில் தொழிலின் பெயர்கள் பல தமிழிலேயே நிலைத்தன. ஆலைக்குள் வந்து சேர்ந்த யந்திரங்களுக்கு மட்டும் அந்த நிலை வாய்க்கவில்லை. அதன் காரணத்தைப் பாரம் தூக்கும் சாதனங்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

செம்பனை ஆலையின் பழைய அமைப்பில், அறுத்து வந்த குலைகளை இரும்புக் கூண்டுகளில் நிரப்பித் தண்டவாளத்தின்மேல் தள்ளிச் சென்று, வாயுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு அழுத்தமுள்ள நீராவியில் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக வேகவைப்பர். எண்ணெயைப் புளிக்கச் செய்யும் நொதிகள் அதனால் அழிவதோடு, பழங்களும் குலையிலிருந்து எளிதில் உதிரும் பக்குவத்தை அடைகின்றன. வெந்த குலைகளோடு சில டன் எடையுள்ள அக்கூண்டை மேலே உயர்த்தி, உதிர்க்கும் உருளையின் வாயருகே கொண்டு சென்று கவிழ்க்க வேண்டும். ஆலையின் ஓட்டம் முழுவதும் இந்த ஒரு தூக்குதலையே நம்பியிருப்பதால், தூக்கும் யந்திரம் ஒரு மணி நேரம் நின்றால் பின்னால் வரும் கூண்டுகள் அனைத்தும் தேங்கிவிடும்.

இவ்வேலைக்குரிய யந்திரம் இருவகைப்படும். கூரைக்குக் கீழே ஒரே உத்தரத்தைத் தண்டவாளமாகக் கொண்டு, அதன் அடிவிளிம்பைப் பற்றி ஓடுவது ஒரு வகை. அது மேலும் கீழும், முன்னும் பின்னும் செல்லுமேயன்றிப் பக்கவாட்டில் நகராது. எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டிய இரு தண்டவாளங்களின்மேல் ஒரு பாலம் ஓட, அப்பாலத்தின்மேல் தூக்குங்கருவி குறுக்கே ஓடுவது மற்றொரு வகை. அது ஆலைத் தளத்தின் எம்மூலையையும் எட்டவல்லது. இவ்விரண்டையும், இவற்றில் கொக்கியை ஏற்றி இறக்கும் பாகத்தையும், தொழிலாளர் பேச்சு வழக்கில் ‘கிரேன்’ என்ற ஒரே சொல் சுட்டுவதுண்டு. மலாயிலும் அதே ஒலியுள்ள சொல்லே வழங்குவதால், மேற்பார்வையாளரோடும் பழுதுபார்ப்போரோடும் பேசுகையில் வேறு சொல்லுக்கு அவசியமே நேர்வதில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆரம்பக் கல்வியோடு முடிய, யந்திரத் தொழிலை ஆங்கிலத்திலும் மலாயிலும் கற்க நேர்ந்த சமூகத்தில் இது இயல்பேயாகும்.

ஆனால் பாரம் தூக்கும் வித்தைக்குத் தமிழில் சொல்வளம் இல்லாமற் போகவில்லை. கிணற்றடியில் ஏற்றமும் துலாவும் இருந்தன. கவலையில் எருதுகள் சரிவில் இறங்கி நடக்க, உருளையின்மேல் ஓடும் வடம் நீர்ச்சாலை மேலே கொணர்ந்தது. மின்சாரத்திற்குப் பதில் எருது என்பதன்றித் தத்துவத்தில் வேறுபாடில்லை. மரக்கலங்களில் பாயையும் சரக்கையும் ஏற்றிய கப்பியோ கடலையும் கடந்தது. மலாய் மொழியில் இன்றும் கயிற்றுருளையைக் குறிக்கும் ‘காப்பி’ என்னும் சொல் தமிழ்க் கப்பியின் வழிவந்தது. ‘கப்பால்’ கப்பலிலிருந்தும் ‘கெடை’ கடையிலிருந்தும் பிறந்ததைப் போன்றதே இதுவும். ஜொகூருக்கு மின்தூக்கி வருவதற்கு வெகுகாலம் முன்பே தூக்குங்கருவியின் தமிழ்ப்பெயர் மலாய் உலகில் வேரூன்றியிருந்தது என்பது என் மனத்திற்கு மிகுந்த நிறைவளிக்கும் செய்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இச்சாதனங்கள் விரைந்து மாறின. 1846-இல் நியூகாசிலில் ஆம்ஸ்ட்ராங் நீரழுத்தத்தால் இயங்கும் பாரந்தூக்கியை நிறுவினார். அந்நூற்றாண்டின் மத்தியில் வெஸ்டன் என்னும் ஆங்கிலேயர், விட்டத்தில் சிறிதே வேறுபட்ட இரு உருளைகளை ஓரச்சில் பிணைத்து அவற்றின்மேல் முடிவிலாச் சங்கிலியை ஓட்டி, தனியொருவரே பெரும்பாரத்தை உயர்த்தவும், கைவிட்டாலும் பாரம் தானே இறங்காதிருக்கவும் வழி கண்டார். பட்டறைகளில் ‘செயின் பிளாக்’ என வழங்குவது இம்மரபினதே. நூற்றாண்டு முடிவதற்குள் மின்மோட்டார் புகுந்தது.

தமிழ்ப் பரிபாஷை முயற்சிகள் இதற்குப் பின்னரே தோன்றின. 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் தொடங்கிய பரிபாஷைச் சங்கமும், 1938-இல் கலைச்சொற்களை வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கமும் பெருந்தொண்டு புரிந்தன. எனினும் அவற்றின் கவனம் பௌதிகம், ரசாயனம் முதலிய பாடங்களின்மேல் இருந்ததேயன்றிப் பட்டறையின்மேல் இல்லை. பின்னர்ப் பாரந்தூக்கி, பளுதூக்கி என்னும் சொற்கள் பரவின. முன்னது இலங்கைத் தமிழில் செவ்வனே நிலைபெற்றது. அழகிய சொல்லே, ஆனால் தூக்குவதை மட்டும் கூறி நகர்த்துவதைக் கூறாமையால், தூக்கும் பாகத்தையும் முழு யந்திரத்தையும் பிரித்தறிய அது உதவவில்லை.

இப்பிரிவு வெறும் அகராதிச் சர்ச்சை அன்று. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, யந்திரச் சட்டத்தின் கீழ்த் தூக்கும் யந்திரங்கள் தகுதிச் சான்றிதழ் பெற்று, 15 மாதத்திற்கொருமுறை பரிசோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது; கையால் இயக்கும் தூக்கி அவ்விலக்கணத்திற்குப் புறம்பானது. 2024 ஜூன் 1-இல் அச்சட்டம் நீக்கப்பட்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் புதிய விதிகள் வந்தபோதும் சான்றிதழ் முறை தொடர்கிறது. ஆகவே பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழில் எழுதுவோர் கைச்சங்கிலிக் கருவியைக் கப்பி என்றும், கொக்கியை ஏற்றி இறக்கும் மின்கருவியைத் தூக்கி என்றும், அதைச் சுமந்து நகரும் முழு அமைப்பைப் பாரந்தூக்கி என்றும், ஒரே உத்தரத்தில் ஓடுவதை ஒற்றைத் தண்டவாளத் தூக்கி என்றும் வரையறுத்தல் தகும் என்பது என் அபிப்பிராயம். இவற்றில் புதிதாக ஆக்க வேண்டியது ஏதுமில்லை.

இதில் தாமதத்திற்கும் இடமில்லை. குலைகளை நின்ற நிலைக் கலனிலும் தொடர்ச்சியாக ஓடும் கலனிலும் வேகவைக்கும் புதிய ஆலைகள் கூண்டையும், அதனோடு கூண்டு தூக்கும் யந்திரத்தையும் கைவிட்டு வருகின்றன. கூண்டின் ஆட்டத்தைக் கண்ணாலேயே அளந்து விசையை அழுத்திய தமிழ் ஓட்டுநர்கள், கொக்கிக்கும் வடத்திற்கும் நிறுத்துவிசைக்கும் தமக்குள் வழங்கிய சொற்களைத் தோட்டம்தோறும் கேட்டெழுதும் பணி, அவர்கள் பணியில் இருக்கும் இக்காலத்திலேயே செய்யத்தக்கது.