ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர்

ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர் என்பது எஞ்சினை முன்புறத்திலும், ஓட்டுநர் இருக்கையைப் பின்னச்சுக்கும் பின்னாலும் கொண்ட, நீண்டு ஒடுங்கிய பந்தயத் தானுந்து வகை ஆகும். இது நேரான குறுந்தொலைவு ஓட்டமாகிய டிராக் பந்தயத்துக்கு மட்டுமே பயன்படுவது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1950களில் தோன்றிய இவ்வகை, 1970களின் தொடக்கம் வரை டிராக் பந்தயத்தின் மிக வேகமான வண்டியாக விளங்கியது. இவற்றுட் பல, வீட்டுக் கொட்டகைகளிலும் சிறு பட்டறைகளிலும் தனியாட்களால் கட்டப்பட்டவை. இன்றும் பழம்பாணிப் பந்தயங்களுக்காக இவற்றை வீட்டிலேயே கட்டுவோர் உள்ளனர். வண்டிக்கு வேகத்தைக் கொடுத்த அதே இருக்கை அமைப்பே ஓட்டுநரின் உயிருக்கு ஆபத்தாகவும் இருந்தது. ஆதலால் இவ்வண்டியைக் கட்டுபவர் பழைய தோற்றத்தைப் பின்பற்றலாம். பழைய பாதுகாப்பு முறையைப் பின்பற்றலாகாது.

பெயர்க் காரணம்

ஸ்லிங்ஷாட் என்னும் ஆங்கிலச் சொல் உண்டிவில்லைக் குறிக்கும். இழுத்துப் பிடித்த உண்டிவில்லில் கல் எவ்வாறு கடைசியில் அமர்ந்திருக்கின்றதோ, அவ்வாறே இவ்வண்டியில் ஓட்டுநர் சக்கரங்களுக்கும் பின்னால் கடைசியில் அமர்ந்திருப்பார். அவருடைய கால்கள் பின்னச்சின் மேலாக இருபுறமும் முன்னோக்கி நீண்டிருக்கும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், பழைய தானுந்துகளை மாற்றியமைத்து வேகமாக ஓட்டும் வழக்கம் தெற்குக் கலிபோர்னிய இளைஞரிடையே பரவியது. அவ்வாறு மாற்றப்பட்ட வண்டிகள் ஹாட் ராட் எனப்பட்டன. 1950ஆம் ஆண்டில் சான்டா ஆனா நகரின் விமான நிலையத்தில் முறையான டிராக் பந்தயங்கள் தொடங்கின. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். இச்சங்கத்தின் முதலாவது தேசியப் போட்டி 1955இல் கான்சஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடைபெற்றது. பந்தயத் தொலைவு கால் மைல், அதாவது 402.3 மீட்டர் ஆகும்.

தொடக்கத்தில் பந்தயக்காரர் பழைய வண்டியின் மேற்கூட்டை அகற்றிவிட்டு, வெறும் சட்டகத்தில் இருக்கையைப் பொருத்தி ஓட்டினர். 1954இல் மிக்கி தாம்சன் ஓட்டுநர் இருக்கையைப் பின்னச்சுக்கும் பின்னால் நகர்த்தி அமைத்த வண்டியே முதலாவது ஸ்லிங்ஷாட் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. சில ஆண்டுகளில் இவ்வமைப்பு எங்கும் பரவியது. செசி ரிசர்ச், டிராக்மாஸ்டர் ஆகிய நிறுவனங்கள் ஆயத்தச் சட்டகங்களை விற்றன. அவற்றை வாங்கியவர்கள் பழைய இரும்புக் கடைகளிற் கிடைத்த எஞ்சினையும் பின்னச்சையும் சேர்த்து வீட்டிலேயே வண்டியை முடித்தனர்.

புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த டான் கார்லிட்ஸ், தாமே கட்டிய வண்டிகளால் புகழ்பெற்றவர். தம் வண்டிகளுக்கு அவர் சுவாம்ப் ராட் எனப் பெயரிட்டு எண் வரிசைப்படி அழைத்தார். 1964ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நியூ ஜெர்சி மாநிலத்தில் மணிக்கு 201.34 மைல், அதாவது ஏறத்தாழ 324 கிலோமீட்டர் வேகத்தை இவர் எட்டினார்.

1970ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தடத்தில் புறப்பட்டவுடன் இவருடைய வண்டியின் இருவேகக் கியர்பெட்டி வெடித்துச் சிதறியது. வண்டி இரண்டாகப் பிளந்தது. கார்லிட்ஸ் தம் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனையில் இருந்த காலத்திலேயே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வண்டியைத் திட்டமிட்டார். பின் எஞ்சின் வண்டிகள் முன்னரும் முயன்று பார்க்கப்பட்டவையே. எனினும் அவை நேராக ஓடாமையால் வெற்றி பெறவில்லை. திசைமாற்றியின் விகிதத்தை மாற்றி, அது மெதுவாகத் திரும்புமாறு செய்ததன் மூலம் கார்லிட்ஸ் குழுவினர் இக்குறையைத் தீர்த்தனர். 1971இல் சுவாம்ப் ராட் 14 போமோனா நகரின் குளிர்காலத் தேசியப் போட்டியில் வென்றது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஸ்லிங்ஷாட் வண்டிகள் உயர்நிலைப் போட்டிகளிலிருந்து மறைந்தன.

இயற்பியல் அடிப்படை

டிராக் பந்தயத்தில் முடுக்கத்தைக் கட்டுப்படுத்துவது எஞ்சினின் ஆற்றல் மட்டுமன்று; டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வும் ஆகும். உராய்வுக் குணகம் 1 எனவும், வண்டியின் முழு எடையும் பின் சக்கரங்களின் மீதே இருப்பதாகவும், காற்றுத் தடை இல்லை எனவும் கொண்டால், கிடைக்கும் பெரும முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகும். அம்முடுக்கத்தில் 402.3 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 9.1 நொடிகள் ஆகும். பின் சக்கரங்களில் பாதி எடை மட்டுமே இருந்தால் முடுக்கமும் பாதியாகும்; நேரம் ஏறத்தாழ 12.8 நொடிகளாகக் கூடும்.

1950களின் டயர்கள் கடினமானவை. எனவே எடையைப் பின்னால் தள்ளுவதே கட்டுபவருக்கு இருந்த மலிவான வழியாகும். எஞ்சினைப் பின்னச்சை ஒட்டி நகர்த்தியும், ஓட்டுநரை அச்சுக்குப் பின்னால் அமர்த்தியும் இது நிறைவேற்றப்பட்டது. பிற்காலத்தில் மென்மையான இரப்பரால் ஆன வழவழப்பான பந்தய டயர்கள் வந்தபோது உராய்வுக் குணகம் 1ஐத் தாண்டியது. 9 நொடி எல்லையும் தகர்ந்தது.

முடுக்கத்தின்போது எடையின் ஒரு பகுதி முன்னிருந்து பின்னுக்கு மாறுகின்றது. இம்மாற்றம் நிறை, முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் ஆகிய மூன்றின் பெருக்கத்தை அச்சிடைத் தொலைவால் வகுத்தால் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 600 கிலோகிராம் நிறையும் 0.5 மீட்டர் ஈர்ப்பு மைய உயரமும் கொண்ட வண்டி புவியீர்ப்பு முடுக்கத்தில் புறப்படுவதாகக் கொள்க. அச்சிடைத் தொலைவு 2.5 மீட்டர் எனில் 120 கிலோகிராம் எடை பின்னுக்கு மாறும். 4 மீட்டர் எனில் 75 கிலோகிராம் மட்டுமே மாறும். குட்டையான வண்டி எளிதில் முன் சக்கரங்களைத் தூக்கிவிடும். டயர்கள் மேம்பட மேம்பட வண்டிகளும் நீண்டுகொண்டே சென்றமைக்கு இது ஒரு காரணமாகும்.

அமைப்பு

சட்டகம்: முதன்மையாக இரண்டு நீண்ட குழாய்களும், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாய்களும், ஓட்டுநரைச் சுற்றிய பாதுகாப்புக் கூண்டும் கொண்டது. தொடக்க கால வண்டிகள் மென் உருக்குக் குழாய்களால் ஆனவை. பின்னர் 4130 எனப்படும் குரோமியம் மாலிப்டினம் கலந்த உருக்கு வழக்கத்துக்கு வந்தது.

எஞ்சின்: கிறைஸ்லர் நிறுவனம் 1957, 1958ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 392 கன அங்குல ஹெமி எஞ்சின் புகழ்பெற்றது. இதன் எரியறை அரைக்கோள வடிவிலானது. காற்றை அழுத்தி உட்செலுத்த, ஜிஎம்சி 6-71 டீசல் எஞ்சினின் ஊதி பயன்பட்டது. அந்த டீசல் எஞ்சினில் 6 உருளைகளும், உருளை ஒவ்வொன்றுக்கும் 71 கன அங்குலக் கொள்ளளவும் இருந்தமையே இப்பெயருக்குக் காரணம்.

எரிபொருள்: பெட்ரோல், மெத்தனால், நைட்ரோமீத்தேன் ஆகியவை பயன்பட்டன. 1 கிலோகிராம் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்றுத் தேவை, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோகிராம் போதும். நைட்ரோமீத்தேனின் எரிவெப்பம் குறைவாயினும், ஒரே அளவு காற்றைக் கொண்டு அதனை மிகுதியாக எரிக்க முடிவதால் பெட்ரோலைப் போல் ஏறத்தாழ 2.2 மடங்கு ஆற்றல் கிடைக்கின்றது. தேசிய ஹாட் ராட் சங்கம் 1957இல் இதனைத் தடை செய்து, 1963 முதல் படிப்படியாக மீண்டும் அனுமதித்தது.

ஆற்றல் செலுத்தம்: பல வண்டிகளில் கியர்பெட்டியே இல்லை. எஞ்சின், கிளட்ச், குறுகிய இணைப்புத் தண்டு, பின்னச்சு என ஆற்றல் நேராகச் சென்றது. பின்னச்சு வில் ஏதுமின்றிச் சட்டகத்தோடு இறுக்கப்பட்டிருந்தது. எஞ்சினை இயக்க, இன்னொரு வண்டியால் பின்னாலிருந்து தள்ளினர்.

நிறுத்தம்: பிரேக்குகள் பின் சக்கரங்களில் மட்டுமே இருந்தன. வேகம் கூடியபோது பாராசூட்டும் சேர்க்கப்பட்டது.

வீட்டில் கட்டும் முறை

1. எந்தப் பிரிவில், எத்தனை நொடிகளில் ஓடப்போகின்றது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். குழாயின் தடிமனும் கூண்டின் வடிவமும் இதனைப் பொறுத்தே விதிநூலில் வகுக்கப்பட்டுள்ளன. தேசிய ஹாட் ராட் சங்க விதிகளின்படி 9.99 நொடி அல்லது அதனினும் வேகமாக ஓடும் டிராக்ஸ்டருக்குச் சட்டகச் சான்றிதழ் தேவை. கட்டி முடித்த பின் விதிநூலைப் பார்ப்பவர் கூண்டை அறுத்து எறிய நேரிடும்.

2. ஓட்டுநரைத் தலைக்கவசத்துடன் அமரவைத்து, அவருடைய உடலளவைக் கொண்டே கூண்டை வரைய வேண்டும். தலைக்கவசத்துக்கு மேல் குறைந்தது 3 அங்குல இடைவெளி தேவை. கால்களுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள இடமும் இப்போதே தீர்மானிக்கப்படுகின்றது.

3. சட்டகத்தைத் தரையில் வைத்துப் பற்றவைக்கலாகாது. சமதளமாக்கப்பட்ட உருக்கு மேடையில் குழாய்களை இறுக்கிப் பிடித்து, முதலில் எல்லா மூட்டுகளிலும் சிறு புள்ளிகளாகப் பற்றவைக்க வேண்டும். பின்னர் இடமும் வலமும் மாறிமாறி முழுமையாக்க வேண்டும். ஒரே பக்கமாகச் செய்தால் வெப்பத்தால் சட்டகம் வளையும். வளைந்த வண்டி நேராக ஓடாது.

4. குழாய்களின் முனைகள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்துமாறு வளைவாக வெட்டப்பட வேண்டும். 4130 உருக்குக்கு ஆர்கான் வெல்டிங் ஏற்றது. பற்றவைத்த இடத்தை நீர் ஊற்றிக் குளிர்வித்தால் உருக்கு நொறுங்கும் தன்மையை அடையும். இப்பணியில் தேர்ச்சி இல்லாதவர் கூண்டையேனும் தேர்ந்தவரிடம் கொடுத்துச் செய்விப்பது நன்று.

5. எஞ்சினின் மைய அச்சும் பின்னச்சின் பற்சக்கரத் தண்டும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். இணைப்புத் தண்டு மிகக் குறுகியது என்பதால் சிறு விலகலும் அதனை முறிக்கும். அத்தண்டு ஓட்டுநரின் இரு கால்களுக்கும் நடுவே சுழல்வது என்பதை மறத்தலாகாது.

6. முதன்முறை கட்டுபவர்கள் ஊதி இல்லாத செவர்லே எட்டுருளை எஞ்சினையும், பவர்கிளைடு இருவேகத் தானியங்கிக் கியர்பெட்டியையும் தேர்வு செய்வதுண்டு. இவற்றின் உதிரிப் பாகங்கள் அமெரிக்காவில் எளிதிற் கிடைக்கின்றன.

பாதுகாப்பு

இவ்வமைப்பில் ஃப்ளைவீல், கிளட்ச், கியர்பெட்டி ஆகியவை ஓட்டுநரின் பாதங்களுக்கு அருகிலும், ஊதி அவர் முகத்துக்கு நேராகவும் உள்ளன. எண்ணெயோ தீயோ வெளிவந்தால் காற்று அதனை அவர்மீதே கொண்டுவரும்.

ஆபத்தின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். 10 கிலோகிராம் நிறையும் 14 சென்டிமீட்டர் ஆரமும் கொண்ட சீரான வட்டு ஒன்று நிமிடத்துக்கு 7000 முறை சுழல்கின்றது எனக் கொள்க. அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 26,000 ஜூல்; இது 1000 கிலோகிராம் சிற்றுந்து ஒன்று மணிக்கு 26 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கொண்டிருக்கும் ஆற்றலுக்குச் சமம். வட்டு உடையும்போது இந்த ஆற்றல் கத்தி போன்ற துண்டுகளில் பிரிந்து எல்லாத் திசைகளிலும் பாய்கின்றது.

ஆகவே பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலைப் பயன்படுத்தலாகாது. தரச்சான்று பெற்ற ஃப்ளைவீலும், கிளட்ச்சைச் சூழும் தரச்சான்று பெற்ற உருக்கு உறையும் வேண்டும். தானியங்கிக் கியர்பெட்டிக்கும் பாதுகாப்புக் கவசம் தேவை. ஊதியைப் பிடித்து நிறுத்தும் பட்டைகள், தீத்தாங்கும் உடை, இருக்கைப் பட்டைகள் ஆகியவையும் இன்றியமையாதவை. இப்பட்டைகள் நாட்பட்டு வலுவிழப்பதால் குறித்த காலத்தில் மாற்றப்பட வேண்டும். மெத்தனாலின் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. எனவே பட்டறையிலும் தீயணைப்பான் அருகிலேயே இருத்தல் வேண்டும்.

இன்றைய நிலை

கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்பீல்டு நகருக்கு அருகிலுள்ள பமோசோ தடத்தில் 1959இல் தொடங்கிய மார்ச் மீட் என்னும் போட்டி, பழம்பாணி வண்டிகளின் முதன்மையான களங்களுள் ஒன்றாகும். அங்கு ஓடும் ஸ்லிங்ஷாட் வண்டிகள் தோற்றத்தில் 1960களைச் சேர்ந்தவை. கூண்டும் உறையும் பட்டையும் இக்கால விதிகளுக்கு உட்பட்டவை. மாறாக, பழைய வண்டிகளை அன்றிருந்தபடியே புதுப்பித்தவர்கள் அவற்றை நிறுத்திய இடத்தில் எஞ்சினை மட்டும் இயக்கிக் காட்டும் கேக்கிள்ஃபெஸ்ட் என்னும் நிகழ்ச்சியும் உண்டு. புளோரிடாவின் ஒகாலா நகரில் டான் கார்லிட்ஸ் நிறுவிய டிராக் பந்தய அருங்காட்சியகத்தில் அவருடைய வண்டிகள் பலவற்றைக் காணலாம்.