உதிர்ந்த பல்லுக்கு ஈடு: வரலாறும் மார்க்கமும்

பல் விழுந்துவிட்டால் செயற்கைப் பல் கட்டிக்கொள்ள நம்மில் முதியவர்கள் பலர் தயங்குவதுண்டு. செலவு ஒரு காரணம். மார்க்க ஐயம் மற்றொன்று. அல்லாஹ்வின் படைப்பில் கைவைப்பதாக ஆகிவிடுமோ, குளிப்பு நிறைவேறாமல் போய்விடுமோ என்று அஞ்சி, சோற்றைக் குழைத்து விழுங்கியே காலத்தைக் கடத்துவோர் உளர். இக்கேள்விகளை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து ஆராய்ந்துள்ளனர்.

அறியாமைக் காலத்தில் நிகழ்ந்த குலாப் போரில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டபோது அதில் துர்நாற்றம் உண்டாயிற்று. தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்டிருந்தும் இத்தேவைக்கு அது அனுமதிக்கப்பட்டது. இதை ஆதாரமாகக் கொண்டு அறிஞர் பலர் தம் பற்களைத் தங்கத்தால் கட்டிக்கொண்டதாக இமாம் திர்மிதீ (ரஹ்) குறிப்பிடுகின்றார்கள். அழகுக்காகப் படைப்பை மாற்றுவது வேறு. இழந்த உறுப்புக்கு ஈடு தேடுவது வேறு என்பது இதனால் தெளிவாகின்றது.

ஹனஃபி இமாம்களிடையே இது நுட்பமான விவாதமாக வளர்ந்தது. ஆடும் பல்லை வெள்ளியால் கட்டலாம், தங்கத்தால் கூடாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). தங்கமும் கூடும் என்றார்கள் அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்). விழுந்த பல்லின் இடத்தில் எதை வைப்பது என்ற வினாவும் எழுந்தது. முறைப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் பல்லை வைக்கலாம் என்பது அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தன் சொந்தப் பல்லையே மீண்டும் வைப்பதில் தவறில்லை என்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) கருதினார்கள். எனினும் பிறர் பல்லை வைப்பதை அவர்களும் ஏற்கவில்லை. மனித உடல் கண்ணியத்துக்குரியது. அது பயன்பாட்டுப் பொருள் அன்று என்பதே இதன் அடிப்படை.

ஸ்பெயினின் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (ரஹ்), 30 பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலில் இக்கலையை விளக்கினார். ஆடும் பற்களை நல்ல பற்களோடு தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையை அவர் எழுதினார். வெள்ளி சில நாள்களில் நிறம் மாறிக் கெடும், தங்கம் மாறாது என்று அதற்குக் காரணமும் சொன்னார். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பைப் பல் வடிவில் செதுக்கிப் பொருத்தலாம் என்றும் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அறுவை பற்றிய அவரது பகுதி லத்தீனில் பெயர்க்கப்பட்டு, பல நூற்றாண்டுகள் ஐரோப்பியர்க்குப் பாடநூலாயிற்று.

ஆனால் பிறர் பல்லைத் தொடாதே என்ற நம் இமாம்களின் எச்சரிக்கை அங்கே பின்பற்றப்படவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஏழைகள் காசுக்குத் தம் பற்களைப் பிடுங்கி விற்றனர். அமெரிக்கத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் 1784ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், கறுப்பின மக்களிடமிருந்து 9 பற்கள் வாங்கப் பணம் கொடுத்த பதிவு உள்ளது. 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் மாண்ட வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டுச் செல்வர்களின் வாய்க்குள் சென்றன. பீங்கான் பற்களும் கெட்டி ரப்பர் தகடும் பரவிய பின்னரே அவ்வணிகம் தேய்ந்தது. 1930களில் வந்த அக்ரிலிக், ரப்பரின் இடத்தைப் பிடித்தது.

இன்று நமக்கு முன்னுள்ள வழிகள் மூன்று. கழற்றி மாட்டும் பல்செட் செலவு குறைந்தது. ஆனால் தாடை எலும்பு நாளடைவில் தேய்வதால் அது தளரும். அவ்வப்போது சீர்செய்ய வேண்டும். இரவில் கழற்றித் தூய்மை செய்து வைப்பது ஈறுக்கு நலம். பிரிட்ஜ் நிலையானது, அதற்காகப் பக்கத்துப் பற்களைச் செதுக்க நேரும். மூன்றாவது, தாடை எலும்பில் டைட்டானியம் திருகைப் பதிக்கும் இம்பிளாண்ட். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளர்வதை ஸ்வீடனின் பிரானிமார்க் 1952இல் கண்டறிந்தார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். இதற்குச் செலவு மிகுதி. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்க்கும் புகைப்பவர்க்கும் இது தோல்வியுறும் வாய்ப்பு அதிகம்.

கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. ஆகவே, எளிதில் கழற்றக்கூடிய பல்செட்டை ஹனஃபிகள் அப்போது கழற்றிக் கொப்பளிக்க வேண்டும். கழற்ற இயலாதபடி நிலையாகப் பொருத்தப்பட்டவை உடலின் பகுதியாகவே கருதப்படும். உளூவிலோ வாய் கொப்பளிப்பது இரு மத்ஹபுகளிலும் சுன்னத்தே.

ஆகவே, தேவையுடையோர் தயங்க வேண்டியதில்லை. உணவை நன்கு மென்று உண்பதும் குர்ஆனைத் திருத்தமாக ஓதுவதும் பல்லின் துணையால் எளிதாகும் அருட்கொடைகள். வீட்டிலுள்ள பெரியோர்க்கு அவற்றை மீட்டுத் தருவது பிள்ளைகள் செய்யத்தக்க நற்பணிகளுள் ஒன்று. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.