கணவாய் நரம்பும் உறை இழந்த நரம்பும்

கோடியக்கரையில் வலையை உதறினால் மீனோடு கணவாயும் விழும். குழம்புக்கு ஆகும் என்பதற்கு மேல் நாம் அதைப் பற்றி எண்ணுவதில்லை. ஆனால் நம் நரம்பில் செய்தி எவ்வாறு ஓடுகிறது என்று விஞ்ஞானிகளுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த இனந்தான்.

கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டருக்கும் மேல் பருமனுள்ள நரம்பிழை ஒன்று உண்டு. 1936-இல் ஜே. இசட். யங் இதை எடுத்துக்காட்டினார். 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அதனுள் மின்முனையைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தார்கள். சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதே நரம்புத் துடிப்பு என்று 1952-இல் கணக்கோடு நிறுவினார்கள். வேதாரண்யம் உப்பளத்து உப்பில் இருக்கிறதே, அதே சோடியந்தான்!

இந்த இழையில் செய்தி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடும். தவளையின் நரம்பிலும் ஏறக்குறைய இதே வேகத்தை 1850-லேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளந்திருந்தார். ஆனால் தவளையின் இழை இதைவிடப் பல மடங்கு மெல்லியது. பிறகு எப்படி அந்த வேகம்?

அதன்மேல் மயலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருக்கிறது. உறையில் இடையிடையே ரான்வியர் கணுக்கள் என்ற இடைவெளிகள் உண்டு. துடிப்பு ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவுகிறது. உறை மின்கசிவைத் தடுக்கிறது, மின்தேக்குத்திறனையும் குறைக்கிறது. நம் கண் நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். அவை கணவாய் இழைபோல் அரை மில்லிமீட்டர் பருமனாக இருந்தால் கண் நரம்பு ஒன்றே அரை மீட்டர் அகலமாகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்!

மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நோயில் உடலின் தற்காப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் இந்த உறையைத் தாக்குகின்றன. 1868-இல் பாரிஸில் சார்க்கோ இதை விவரித்தார். உறை அழிந்த திட்டுகளில் உள்ளிழை பெரும்பாலும் மிஞ்சியிருப்பதை அவர் கவனித்தார். (நாளடைவில் இழையும் சிதையும் என்பதை இன்று அறிவோம்.) சோடியம் வாயில்கள் கணுக்களில்தான் நெருங்கியுள்ளன. எனவே உறை போன இடத்தில் துடிப்பு தயங்கும், அல்லது நின்றுவிடும். கண் நரம்பானால் பார்வை மங்கும். தண்டுவடமானால் கால் தளரும்.

இனி ஒரு விந்தை. இந்நோயாளிகள் சிலருக்கு உடற்பயிற்சிக்குப் பின் பார்வை மங்குவதை 1890-இல் ஊட்ஹாஃப் எழுதினார். களைப்புதான் காரணம் என்று அவர் எண்ணினார். உண்மையில் காரணம் உடல் வெப்பம். விடை மறுபடியும் கணவாயிடம் கிடைத்தது. 1949-இல் ஹாட்ஜ்கினும் காட்ஸும் அதன் நரம்பைச் சூடாக்கினார்கள். வெப்பம் ஏற ஏறத் துடிப்பின் கால அளவு குறுகி, 40 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே நின்றுபோயிற்று, குளிர்ந்ததும் மீண்டது. சூட்டில் சோடியம் வாயில்கள் விரைந்து மூடிக்கொள்வதால், அடுத்த கணுவைத் தூண்டப் போதிய மின்னூட்டம் சேர்வதில்லை. நல்ல நரம்பு நம் உடற்சூட்டைத் தாங்கும். உறை போன நரம்புக்கு அரை டிகிரி ஏறினாலே போதும்.

ஐரோப்பாவைவிட நம் நாட்டில் இந்நோய் குறைவு. ஆனால் வெயில் அதிகம். சித்திரை வெயிலில் உப்பளத்தில் நிற்பவருக்குப் பார்வை மங்கி, நிழலில் அமர்ந்ததும் தெளிந்தால், வீட்டார் அதைப் பாசாங்கு என்று நினைக்கக்கூடும். அது பாசாங்கும் அல்ல, நரம்பில் விழுந்த புதிய சேதமும் அல்ல. உடல் குளிர்ந்தால் துடிப்பு மீண்டும் கணுவைத் தாண்டிவிடுகிறது.